கணக்குக்கு ஒரு பொடியன் கேட்டுப் போனோம்

நல்லம்மா வீட்டு விறாந்தையில் இரண்டு கதிரை. ஒன்றில் நான். மற்றதில் என் மனைவியின் அண்ணன் சாமித்தம்பி. நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் நாங்கள் கொண்டுபோன கதலிப்பழச் சீப்பு, வெற்றிலை, பாக்கு.

வெள்ளிக்கிழமை காலை. இரண்டு பேரும் வெள்ளை வேட்டி. நான் வேட்டி கட்டுவது கோயில் சடங்குக்கும் செத்த வீட்டுக்கும்தான். வாவியில் வலை வீசுகிறவனுக்கு வேட்டி எதற்கு.

நல்லம்மா எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பூச்சி உருண்டை மணம் விறாந்தை வரைக்கும் வந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது. பால் தேத்தண்ணி.

அந்த நாளில் பால்மாவுக்கு ஊரில் தட்டுப்பாடு. வீட்டுக்கு வந்தவருக்கு வெறும் தேத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அதுவே மரியாதை. பால் தேத்தண்ணி என்றால் விசயம் வேறு.

குடித்தேன். சீனி தாராளம். எங்கேயோ பிழை நடந்துபோனது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சொல்லவில்லை. வாய் வரவில்லை.

என் வாய்

என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு வாவிதான். தோணியில் தனியே போகிறவனுக்குக் கதைக்க ஆள் இல்லை. கதைத்தால் மீன் கலைந்துவிடும். அப்படியே பழகிவிட்டது. கலியாணம் முடித்து மூன்றாம் நாள் என் மனைவி புவனம் தன் தாயிடம் போய், "அம்மா, இவருக்குக் கதை வருமா வராதா எண்டு ஒருக்கா விசாரிக்கல்லையா?" என்று கேட்டவள்.

இந்தப் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் வந்தபோது, "கதைக்கிற மாதிரியே எழுதுங்க ஐயா" என்றார். நான் கதைக்கிறதில்லையே என்றேன். "அதையும் எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். போன கிழமை நண்டு பற்றி எழுதினதற்கு இரண்டு பேர் வந்து நல்லது என்றார்கள். ஒருவர் மச்சான்.

மச்சான் என்றால் சாமித்தம்பி. அவர் எனக்கு நேர் எதிர். வாய் மூடமாட்டார். சித்தாண்டி முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதை விட அதிகமாகச் சம்பந்தம் பேசிவிட்டு வருவார். அவர் பேசி முடித்த கலியாணங்களில் முக்கால்வாசி இன்னும் ஒரே வீட்டில் இருக்கின்றன. அது அவருடைய பெருமை.

அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் பிழை. ஆனால் போகாமலும் இருக்க ஏலாது. அவர் என் மகளுக்குத் தாய்மாமன். பெண் பிள்ளையின் விசயம் ஒன்று பேசப் போகிறோம், தாய்மாமன் இல்லாமல் போனால் குடும்பம் இரண்டாகிவிடும்.

தூய கணிதம்

என் மகள் வதனி சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஆகக்கூடின சித்தியான டி எடுத்தாள். ஊரில் இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் அது கிடைத்தது. நல்லம்மாவின் மகன் ரூபனுக்கு.

முடிவு வந்த அன்று வதனி சொன்னாள்:

"நான் உயர்தரத்தில கணிதப் பிரிவு படிக்கப் போறன்."

புவனம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "கணக்குத்தான் இவ்வளவு காலமும் படிச்சிட்டியே புள்ள. இன்னுமா முடியல்ல அது?"

"இது வேற அம்மா. தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். நாலு பாடம்."

"தூய கணிதமா? அப்ப இதுவரைக்கும் படிச்சது?"

"ஐயோ அம்மா."

"இல்ல, கேக்கன். தூயது எண்டா மச்சம் தின்னாமப் படிக்கோணுமா? இந்த வீட்டில அது ஏலா. உன்ட அப்பா மீன்காரன்."

வதனி என்னைப் பார்த்தாள். நான் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"படிக்கட்டும்" என்றேன்.

அதோடு வீட்டில் முடிந்தது. ஊரில் முடியவில்லை. கணக்குப் படித்தால் பெண் பிள்ளைக்குக் கண்ணாடி வரும் என்றார்கள். தலைமயிர் கொட்டும் என்றார்கள். கலைப் பிரிவு என்றால் சுகம், வீட்டில் இருந்தே படிக்கலாம், இடையில் கலியாணம் வந்தால் விட்டுவிடலாம் என்றார்கள். மச்சான் மட்டும், "வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தானே குடுக்கம். கணக்கும் அவளுக்குத்தானே தெரியோணும்" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த சொல் அது.

ஒரு ஆள் குறைவு

படிக்க ஆசை இருந்தால் போதாது. வகுப்பு இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் கணிதப் பிரிவு கிடையாது. ஒரு மாஸ்டர் இருந்தார். சண்டை தொடங்கி மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக மாற்றம் எடுத்துப் போன பிறகு அதிபரும் அவர்தான், கணக்கு மாஸ்டரும் அவர்தான், காலையில் மணி அடிப்பதும் அவர்தான். அவர் கல்விக் கந்தோருக்கு நடையாய் நடந்து ஒரு உத்தரவு வாங்கினார். ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் பிரிவு திறக்கலாம். அதிகாரி நேரில் வந்து தலை எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் பிரிவு இல்லை. மாஸ்டரையும் டவுன் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

டவுன் பள்ளிக்கு வதனியும் போகலாம்தானே என்பீர்கள். நாவற்குடா தாண்டும் மட்டும் எத்தனை தடைமுகாம். ஒவ்வொன்றிலும் இறங்கி நடக்க வேண்டும். ஒரு நாள் வெடித்தால் ஒரு கிழமை றோட்டுப் பூட்டு. பதினாறு வயதுப் பெண் பிள்ளையை யார் அனுப்புவது. ஊரில் வகுப்புத் திறந்தால் வதனிக்குக் கணக்கு. திறக்காவிட்டால் கலைப் பிரிவு. வேறு வழி இல்லை.

மாஸ்டர் நான்கு பேரைச் சேர்த்துவிட்டார். வதனி, இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள், பேக்கரிக்காரரின் மகன். ஐந்தாவது ஆளாக ரூபன் வந்தால் சரி. ரூபனுக்கு விருப்பம். தாய் விடவில்லை.

மாஸ்டர் வாவிக்கரைக்கு என்னைத் தேடி வந்தார்.

"நான் போய்க் கேட்டன். கதவே திறக்கல்ல. ஊரில பெரியாக்கள் போய்க் கேட்டா மறுக்க மாட்டாங்க. நீங்க ஒருக்காப் போங்க."

நான் பெரிய ஆள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

புவனம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டாள். செவ்வாய் வேண்டாம், வெள்ளி போங்க. சாரத்தோடு போகாதீங்க, வேட்டி கட்டுங்க. ஒரு வீட்டில ஒண்டு கேட்டுப் போறம், வெறுங்கையோட போறதா, இந்தாங்க பழம். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்க, நீங்க தனியப் போனா அந்த வீட்டுச் செவரோட செவராத்தான் நிப்பீங்க.

எல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்தது.

மற்ற ஊராருக்கு

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் மற்ற ஊராருக்குத் தெரியாது. சொல்லிவிடுகிறேன்.

இங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருவதில்லை. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பழத்தோடு, பெண்ணின் தகப்பனும் தாய்மாமனும் போவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில் வந்து இருப்பார். அதனால் வீடு பெண்ணுக்கு.

இப்போது மறுபடி அந்த விறாந்தையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. வேட்டி. வெற்றிலை. கதலிப்பழம். பெண்ணின் தகப்பன். பக்கத்தில் தாய்மாமன், அதுவும் ஊரறிந்த சம்பந்தக்காரர் சாமித்தம்பி.

நல்லம்மா வேறு என்னதான் நினைப்பாள்.

பட்டுச்சீலை

நல்லம்மா வெளியே வந்தபோது பட்டுச்சீலை உடுத்தியிருந்தாள். கழுத்தில் சங்கிலி. அவளுடைய புருசன் சவுதியில் ட்ரைவர். அவர் அனுப்பின சங்கிலியாக இருக்க வேண்டும்.

"குறை நினைக்காதீங்க. இவரும் இல்லாத நேரம். நீங்க வருவீங்க எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல அண்ணன்."

"ஓம்" என்றேன்.

"குடியும் மாறுகுடிதான். அதில ஒரு பிரச்சினையும் இல்ல."

எங்களில் தாய்வழிக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. குடியைக் கேட்டதும் எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. மச்சானைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனால் என் முகம் மாதிரி இல்லை. அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"வீடு எப்பிடி மச்சான்?" என்று நல்லம்மா அவரிடம் கேட்டாள். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"கல்வீடு. ரெண்டு அறை."

"ஒரு அறைக்குத்தானே ஓடு. மற்றதுக்குக் கிடுகு."

"ஆவணிக்குள்ள ஓடு போட்டிருவம்."

நான் மெதுவாக, "மச்சான், கணக்கு" என்றேன்.

"அது பிறகு" என்றார்.

"கிணறு?"

"நல்ல தண்ணி. கோடையிலயும் வத்தா."

"வயல்?"

எனக்கு வயல் இல்லை. நல்லம்மாவுக்கும் அது தெரியும். அவளுக்குக் கரடியனாற்றுப் பக்கத்து வட்டையில் வயல் இருந்தது. சண்டையால் போய்ப் பார்த்தே இரண்டு போகம். ஆனாலும் வயல்காரி வயல் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மச்சான் வெற்றிலையை மென்றார். "என்ட காணியில அரை ஏக்கர் மருமகளுக்குக் குடுப்பன்."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அவர் தன் சொந்தப் பிள்ளைகளுக்கே இன்னும் காணி பிரிக்கவில்லை.

"அரை ஏக்கர் காணாது மச்சான். என்ட மகன் கணக்கில டி எடுத்தவன்."

"எங்கட பிள்ளையும் டிதான். டிக்கு டி சரி. அரை ஏக்கர் மேலதிகம்."

"முக்கால்."

"முக்காலுக்குப் பள்ளக் காணிதான். மழைக்குத் தண்ணி நிக்கும்."

"பள்ளம் வேணாம்."

"அப்ப அரை."

அவர்கள் இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தார்கள். நான் முக்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சன்னலுக்குப் பின்னால் ஒரு நிழல். ரூபன். அவனும் என்னை மாதிரித்தான், கதைக்கிற ஆள் இல்லை.

எப்படியோ வாய் திறந்தேன்.

"தங்கச்சி. கலியாணம் இல்ல. கணக்கு."

மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லம்மா என்னைப் பார்த்தாள்.

"என்ன கணக்கு?"

"வகுப்பு. ஒராள் குறையுது. மகனை விடுங்க."

நல்லம்மா பழத்தைப் பார்த்தாள். வேட்டியைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய சீலையைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஆள் சேர்க்கவா அண்ணன் என்னைப் பட்டு உடுக்க வெச்சீங்க?"

நான் வேட்டியை இழுத்துச் சரிசெய்தேன்.

"அப்ப இந்த ஆள் அரை ஏக்கர் எண்டது?"

மச்சான், "பேச்சு வந்தா நான் பேசுவன் கா. அது என்ட பழக்கம்" என்றார்.

அவள் சொன்ன நியாயம்

அவள் எங்களைத் துரத்தவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கதவுநிலையில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அண்ணன், உங்களுக்குப் பொம்புளப் புள்ள. எனக்குப் பொடியன். அதுவும் உசந்த பொடியன், எங்க நிண்டாலும் தெரியுவான். கணக்குப் படிச்ச பொடியன காட்டில இருக்கிற அவங்களும் தேடுறாங்க, முகாமில இருக்கிற இவங்களும் தேடுறாங்க. ஆருக்குக் குடுக்கச் சொல்றீங்க? பதினெட்டு முடியட்டும், தகப்பனிட்ட அனுப்பிருவன். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள சும்மா இருக்கட்டும்."

நான் எழும்பினேன். அவள் சொன்னது சரி. என் மகளுக்கு வகுப்பு வேண்டும் என்பதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் நான் என்ன கதைக்க.

பழத்தை அவள் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வரும் முன்னே கதை ஊர் சுற்றிவிட்டது. மீன்காரன் மகளுக்கு ரூபனைக் கேட்டுப் போனார்களாம், நல்லம்மா வேண்டாம் என்றுவிட்டாளாம். குழாயடியில் நின்ற பெண்கள் வதனியைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். ஒருத்தி, "கவலப்படாத புள்ள, வேற மாப்பிள்ளையா இல்ல" என்றாளாம்.

வதனி தண்ணிக் குடத்தை நிலத்தில் குத்தி வைத்தாள்.

"அப்பா, போன உடனே ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னன்."

"எப்ப?"

"கடைசில."

சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் என்னிடம் சொல்லாமல் நல்லம்மா வீட்டுக்குப் போனாள். படலைக்கு வெளியே நின்றே கூப்பிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருந்து புவனத்திடம் சொன்னது இது.

"மாமி, எனக்கு உங்கட மகன் வேணாம். கணக்குக்கு மட்டும்தான் வேணும். ரெண்டு வருசத்தில திருப்பித் தந்திருவன்."

"என்ட மகனில என்னடி குறை கண்டாய்?"

"குறை இல்ல மாமி. தேவை இல்ல."

சன்னலுக்குள் இருந்து ரூபன், "அம்மா, நான் படிக்கிறன்" என்றானாம். அந்த வீட்டில் அவன் குரலைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டது அதுதான் முதல் தரம். நல்லம்மா சன்னலைச் சாத்திவிட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். இவர்கள் இரண்டு பேரும் பிறகும் கலியாணம் முடிக்கவில்லை. வதனி முடித்தது வேறு ஒருவரை. ரூபனுக்கு ஏறாவூர் தாண்டி ஒரு ஊரில் பெண். ரூபனின் மாமனார் கொடுத்தது ஒன்றரை ஏக்கர். மச்சான் அந்தக் கணக்கைக் கேட்டு ஒரு நாள் முழுக்கக் கவலையாக இருந்தார்.

மைதானம்

அதிகாரி வருகிற நாளும் வந்தது. ஆள் நான்குதான்.

விடிய முன்னம் வலைக்குப் போகலாம் என்று எழும்பினேன். நாய்கள் குரைத்த விதம் சரியில்லை. பிறகு கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆம்பிளைகள் எல்லோரும் அடையாள அட்டையோடு மைதானத்துக்கு வர வேண்டும்.

சுற்றிவளைப்பு. அந்த நாளில் மழை வருவது மாதிரி வரும்.

வரிசையாகக் குந்தினோம். வெயில் ஏறியது. மைதானத்துக்கு ஒரு பக்கம் முட்கம்பி வேலி. வேலிக்கு வெளியே பெண்கள், போத்தலில் தண்ணியோடு. தூரத்தில் ஒரு ஜீப். அதற்குள் முகத்தை மூடின ஒருவன். அவன் ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனியே போக வேண்டும். போன சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை.

எனக்குப் பக்கத்தில் மச்சான். முன்னால் மாஸ்டர். மாஸ்டருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர், காற்சட்டை, சப்பாத்து, வெயிலுக்குத் தலையில் கைலேஞ்சித் துணி.

கல்வி அதிகாரி. றோட்டுப் பூட்டினால் வர ஏலாது என்று விடியப் புறப்பட்டு வந்தாராம். மைதானத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். ஆமிக்காரன் உள்ளே வந்து குந்தச் சொல்லியிருக்கிறான்.

அவர் கடமைக்காரர். குந்தின இடத்திலும் வேலையை விடவில்லை.

"மாஸ்டர், பிள்ளைகள் எங்க?"

"ஒராள் அந்தா, நீலச் சட்டை, பேக்கரிக்காரர்ர மகன். மூண்டு பேர் பெண் பிள்ளைகள். வேலிக்கு வெளியில நிக்காங்க. அந்தா, தாவணி போட்ட பிள்ளை கையைக் காட்டுறா பாருங்க."

வதனிதான். அந்த வெயிலில், அத்தனை துவக்குக்கு நடுவில், அதிகாரி தன்னை எண்ண வேண்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நாலுதானே."

"ஐஞ்சாவது பிள்ளையும் இஞ்சதான் இருக்கு சேர். மூண்டாவது வரிசையில. ஆனா இன்னும் சேரல்ல."

"சேராத ஆளை எண்ண ஏலாது மாஸ்டர்."

"ஓம் சேர்."

"நாலு எண்டா திறக்க ஏலாது எண்டுதான் நான் எழுதோணும்."

"ஓம் சேர்."

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஒராள்தானே குறையுது. நான் சேர்ந்தாக் காணாதா?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கிறீங்க?"

"மூண்டு."

"மூண்டு பாடமா?"

"மூண்டாம் வகுப்பு."

"ஏய், கதைக்க வேணாம்!" என்று ஆமிக்காரன் ஒருவன் சத்தம் போட்டான். மச்சான் நிலத்தைப் பார்த்தார்.

நான் வேலியைப் பார்த்தேன். வதனி கையை இறக்கியிருந்தாள். அங்கிருந்தே விளங்கியிருக்கும். கெட்டிக்காரி.

எழும்பு

அந்த ஆமிக்காரன் மூன்றாவது வரிசைக்குப் போனான். குந்தியிருந்தும் உயரமாகத் தெரிந்த ஒருவனைக் காட்டினான்.

"ஏய், நீ. எழும்பு."

ரூபன் எழும்பினான். எழும்பிக்கொண்டே போனான். அவ்வளவு உயரம்.

"நீ என்ன செய்யிறது?"

ரூபனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பரீட்சை முடிந்ததிலிருந்து அவன் வீட்டுக்குள் சும்மா இருக்கிறான். அதுதான் உண்மை. ஆனால் அந்த உயரத்தோடு, அந்த வயதில், சும்மா இருக்கிறேன் என்ற பதிலை மைதானத்தில் சொல்லக் கூடாது.

"கேக்கிறது! என்ன செய்யிறது?"

ஜீப் பக்கம் பார்த்தேன். பார்க்காமல் இருக்க ஏலவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரியும். வழமைபோல வாய் வரவில்லை.

வேலியடியிலிருந்து வந்தது சத்தம்.

"படிக்கிறான்! சேர்! என்ட மகன் படிக்கிறான்!"

நல்லம்மா. இரண்டு கையாலும் முட்கம்பியைப் பிடித்திருந்தாள்.

"கணக்குப் படிக்கிறான்! ஏ.எல்.! தூய கணக்கும் படிக்கிறான், மற்றக் கணக்கும் படிக்கிறான்! அந்தா இருக்கார் அவன்ட மாஸ்டர்! அந்தா பெரிய ஐயா! கேட்டுப் பாருங்க!"

மைதானம் முழுக்கத் திரும்பியது. ஆமிக்காரன் நடந்து வந்து அதிகாரியின் முன்னால் நின்றான். மாஸ்டர் அதிகாரியைப் பார்த்தார். நான் பார்த்தேன். மச்சான் பார்த்தார். சேராத ஆளை எண்ண ஏலாது என்று சொல்லி இரண்டு நிமிசம்கூட ஆகியிராது.

அதிகாரி எழும்பினார். கால் விறைத்திருக்க வேண்டும், மாஸ்டரின் தோளைப் பிடித்துத்தான் எழும்பினார். கைலேஞ்சி விழுந்தது. எடுக்கவில்லை. சிங்களத்தில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். எனக்கு விளங்கினது ஒரு சொல்.

"மெத்ஸ்."

ஆமிக்காரன் ரூபனைத் திரும்பிப் பார்த்தான். "மெத்ஸ்?"

"மெத்ஸ்" என்றான் ரூபன். குரல் வந்துவிட்டது.

ஆமிக்காரனுக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. முகத்தைச் சுளித்தான். "அமாரு" என்றான். கஷ்டம் என்று அர்த்தமாம். பிறகு, இரு என்று கையைக் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

ரூபன் மறுபடி குந்தினான். மச்சான் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியாது.

அதிகாரி குந்தினார். கைலேஞ்சியை எடுத்து உதறித் தலையில் போட்டார்.

"மாஸ்டர், ஐஞ்சு."

"அவர் இன்னும் சேரல்லையே சேர்" என்றார் மாஸ்டர். சில மனிதர்கள் இப்படித்தான்.

"நான் ஆமிக்குச் சொல்லிட்டன். இனி இல்லை எண்டு ஆருக்குச் சொல்லச் சொல்றீங்க?"

விட்ட பிறகு

பொழுது சாயத்தான் விட்டார்கள். அன்று எங்கள் ஊரில் யாரையும் கொண்டுபோகவில்லை. அப்படியும் சில நாட்கள் இருந்தன.

பெண்கள் வேலியைச் சுற்றி ஓடி வந்தார்கள். புவனம் என் தலையைத் தடவினாள். வதனி தண்ணிப் போத்தலை நீட்டினாள். நான் குடித்து முடியும் வரைக்கும் பொறுக்கவில்லை.

"அப்பா, என்ன சொன்னார்?"

"ஐஞ்சு."

அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு மற்றப் பெண் பிள்ளைகளிடம் ஓடினாள்.

அதிகாரி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். மச்சான் அவருக்குப் பக்கத்தில் நின்று, ஐயாவுக்குப் பெண் பிள்ளைகள் இருக்கா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நல்லம்மா என்னிடம் வந்தாள். உள்ளங்கையில் கம்பி கிழித்த இரத்தம். சீலைத் தலைப்பால் பொத்தியிருந்தாள்.

"அண்ணன், ஊருக்கு முன்னால சொல்லிப்போட்டன். இனி அவன் படிச்சுத்தான் ஆகோணும். இல்லாட்டி மறுகா வந்து கேப்பாங்க."

"ஓம்."

"லேசா, அந்தக் கணக்கு?"

"தெரியா."

"உங்கட மகள் சொல்லிக் குடுப்பாளா?"

"கேக்கிறன்."

அதற்குள் மாஸ்டர் கையைத் தட்டினார். ஐந்து பேரையும் தன்னைச் சுற்றி நிற்க வைத்தார். ஐந்து பேரும் ஒரே இடத்தில் இருப்பது இன்றைக்குத்தான், நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாது, இருட்ட இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு, வாங்க தொடங்குவம் என்றார். யாரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

ஊர் முழுக்க வீட்டுப் பக்கம் நடந்தது. மாஸ்டர் பள்ளிக்கூடப் பக்கம் நடந்தார். பின்னால் மூன்று பெண் பிள்ளைகள், அதற்குப் பின்னால் பேக்கரிக்காரரின் மகன், கடைசியில் எல்லோரையும் விட உயரமாக ரூபன்.

"டேய் மனே! சோறு தின்னுட்டுப் போடா!" என்று நல்லம்மா கத்தினாள்.

அவன் திரும்பவில்லை. முன்னால் மாஸ்டர் நடந்துகொண்டே ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தார். அதைக் கேட்பதற்காக எட்டி எட்டிக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தான்.